கதவு திறந்த பிறகுதான் கால்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பத்து நிமிடம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். என்னை அறிமுகப்படுத்தவே அவர் நாலு நிமிடம் எடுத்துக்கொண்டதால், சாப்பாட்டு நேரத்திலிருந்து கொஞ்சம் கடன் வாங்கப் போகிறேன். பந்தியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். நம் கல்லூரி ஏரோ மாடலிங் குழு இந்த வருடம் ஒரு ஜெட் மாடல் செய்கிறது. டர்பைன் இல்லை, பயப்பட வேண்டாம். 90 மில்லிமீட்டர் மின்விசிறியைக் குழாய்க்குள் வைத்து பேட்டரியில் ஓட்டுகிற வகை. மொத்த எடை 4 கிலோவுக்குள் அடங்கும் என்கிறார்கள். அதற்கு மடங்கும் சக்கரம் மூன்று, அவற்றை மூடக் கதவு ஆறு, கதவையும் காலையும் வரிசைப்படி இயக்க ஒரு சீக்வென்சர், இவ்வளவுக்கும் சங்கம் பண உதவி செய்ய வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தும் மில்லிங்கும் வைத்துப் பிழைக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாடல் விமானம் விடுகிறவன் என்பதால், "நீயே பார்த்துச் சொல்லுப்பா" என்று மனுவை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

பதிலைக் கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கலாம். காரணம் எல்லோருக்கும் தெரியட்டும் என்று மேடையிலேயே சொல்கிறேன். மூன்று சக்கரத்துக்கும் பணம் கொடுக்கலாம். ஆறு கதவில் இரண்டு வேண்டவே வேண்டாம். மிச்சம் நாலு கதவும் சீக்வென்சர் இல்லாமல் வேலை செய்ய வேண்டும். சீக்வென்சருக்குக் கேட்ட பணத்தை வேறு ஒன்றுக்குக் கொடுக்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குழுத் தலைவியாக இருக்கும் தங்கச்சி போன வாரம் பட்டறைக்கு வந்தபோது கேட்டார்: "சார், கதவு இல்லைன்னா மேலே போகும்போது அசிங்கமா இருக்காதா?" நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதில், ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று ஆகாயத்தைப் பாரம்மா என்பது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் மேற்கிலிருந்து, குன்றத்தூர் பக்கமாகத் தாழ்ந்து வரும். பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழக்கம். ஏர்பஸ் 320 வந்தால் கவனியுங்கள். வயிற்றில் கதவு திறக்கும், கால் இறங்கும், கால் இறங்கி முடிந்ததும் அந்தப் பெரிய கதவு மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்தது போயிங் 737 புறப்பட்டுப் போகும்போது பாருங்கள். கால் மடங்கி உள்ளே போன பிறகும் இரண்டு பெரிய சக்கரமும் வயிற்றில் அப்பளம் மாதிரி வட்டமாக வெளியே தெரியும். அந்தச் சக்கரத்துக்குக் கதவே கிடையாது! 1967-ல் முதன்முதலாகப் பறந்த நாள் முதல் இன்றைய மேக்ஸ் வரை அப்படித்தான். உலகத்தில் இத்தனை ஆயிரம் விமானம் விற்ற கம்பெனிக்காரனே கதவை மிச்சம் பிடித்திருக்கிறான். யாராவது 737-ஐ அசிங்கம் என்று சொல்லி டிக்கெட்டைக் கேன்சல் பண்ணியிருக்கிறார்களா? (சிரிப்பு)

737 பேச்சு வந்ததும் உங்களுக்கெல்லாம் திருச்சி ஞாபகம் வந்திருக்கும். 2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை சமயம். திருச்சியிலிருந்து ஷார்ஜா புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்து எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, கடைசியில் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. என் வீட்டில் அன்றைக்கு இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான். அந்த மாதிரி நேரத்துக்கென்றே 737-ல் விமானி அறைத் தரையில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் மூன்று கைப்பிடி. ஒரு காலுக்கு ஒன்று. ஹைட்ராலிக் மொத்தமும் போனாலும் கைப்பிடியை இழுத்தால் மேலே பிடித்திருக்கும் பூட்டு விடுபடும், கால் தன் எடையிலேயே தொப்பென்று விழுந்து பூட்டிக்கொள்ளும். ஏர்பஸ் 320-ல் இதற்குக் கையால் சுற்றுகிற ஒரு கைப்பிடி. அப்படிச் சுற்றி இறக்கினால் கதவு மறுபடி மூடாது, திறந்தே தொங்கும். தொங்கட்டும். சக்கரம் வந்ததா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வழியும் கைவிட்ட கதை உண்டு. 2011 நவம்பர் 1. போலந்து நாட்டு லாட் கம்பெனியின் போயிங் 767, 231 பேருடன் வார்சாவில் சக்கரமே இல்லாமல் வயிற்றால் இறங்கியது. ஒரு ஹைட்ராலிக் லைன் போயிருந்தது. மாற்று வழி மின் மோட்டாரில் வேலை செய்வது. அந்த மோட்டாருக்கான சர்க்யூட் பிரேக்கர் ஒன்று விழுந்து கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. விமானியின் திறமையால் ஒருவர் உயிருக்கும் சேதமில்லை. நான் சொல்ல வருவது, மேலே போவதற்கு எத்தனை மோட்டார், எத்தனை வயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருவதற்கு எவ்வளவு குறைவாக நம்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ஆவடி என்றால் டாங்கி. கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா வந்தது 1965-ல். பக்கத்திலேயே சிவிஆர்டிஇ, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம். அர்ஜுன் டாங்கி அவர்கள் வடிவமைத்தது. நம் சங்க உறுப்பினர்கள் சிலருடைய அப்பாக்கள் இந்த இரண்டு இடத்தில் ஒன்றில் சைக்கிளை நிறுத்தியவர்கள்தான். ஆனால் விமானத்துக்கு மடங்கும் லேண்டிங் கியர் ஆவடியில் செய்கிறார்கள் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தாபஸ் என்கிற ஆளில்லா விமானத்துக்கு 3 டன் வகை, ஸ்விஃப்ட் என்கிற ஆளில்லா ஜெட்டுக்கு 1 டன் வகை, இரண்டு மடங்கும் லேண்டிங் கியரும் சிவிஆர்டிஇ வடிவமைத்து 2022-ல் ஒப்படைத்தவை. இரண்டும் மூன்று சக்கர அமைப்பு, மூக்கில் ஒன்று, பின்னால் இரண்டு. நம் பிள்ளைகள் செய்கிற அதே அமைப்பு.

டாங்கிக்காரனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். அர்ஜுன் 58 டன்னுக்கு மேல். மேடு பள்ளத்தில் அது குலுங்காமல் ஓட, இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து தாங்குகிற சஸ்பென்ஷன். விமானக் காலுக்குள் இருப்பதும் அதே சங்கதிதான்: மேலே அடைத்த நைட்ரஜன் ஸ்பிரிங் வேலை செய்யும், கீழே எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகப் பாய்ந்து அதிர்ச்சியைத் தின்றுவிடும். தேஜாஸ் போர் விமானத்தின் துணைக் கருவிகளை ஓட்டும் கியர்பாக்ஸும் இதே ஆவடியில் வடிவமைத்ததுதான். கைவேலை தெரிந்தவனுக்கு டாங்கியென்ன, விமானமென்ன!

தாபஸ் 2016 நவம்பரில் கர்நாடகத்தின் சித்ரதுர்கா சோதனைத் தளத்தில் முதலில் பறந்தது. ராணுவம் கேட்ட உயரத்தையும் நேரத்தையும் அது எட்டவில்லை என்று பிற்பாடு பேச்சு வந்தது, அது வேறு கதை. ஸ்விஃப்ட் அதே தளத்தில் 2022 ஜூலை 1 அன்று முதலில் பறந்தது. வால் இல்லாத, இறக்கை மட்டுமே உடம்பாக இருக்கிற ஜெட். தானே ஓடி, தானே ஏறி, தானே இறங்கியது.

இந்த இரண்டையும் நான் இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் ஊர்ப்பெருமை மட்டும் இல்லை. 737-ல் கைப்பிடியை இழுக்க ஒரு ஆள் இருக்கிறார். ஸ்விஃப்டுக்குள் யார் இருக்கிறார்? நம் மாடலுக்குள் யார் இருக்கிறார்? ஆள் ஏறாத விமானத்தில் கடைசிக் கைப்பிடி கிடையாது. அந்தக் கைப்பிடியின் வேலையை முன்கூட்டியே, மேசையில் வைத்துச் செய்யும்போதே உள்ளே கட்டிவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் 4 கிலோ மாடலும் 1 டன் ஸ்விஃப்டும் ஒரே ஜாதி.

சரி, மேசைக்கு வருவோம்.

முதலில் உட்காரும் இடம். இறங்கும்போது வருகிற அடி முழுக்க காலின் வழியாக அது திருகியிருக்கும் பலகைக்குப் போகும். தெர்மகோல் இறக்கை அதைத் தாங்காது. 6 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் பலகை, அதை இறக்கையின் நடு உத்தரத்தோடு சேர்த்து ஒட்ட வேண்டும். மரத் திருகு வேண்டாம். அடியில் நட் வைத்து போல்ட் போடுங்கள், நூறு தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

இடம் எங்கே? பேட்டரியை வைத்து எடை மையத்தைப் பிடித்த பிறகு, அந்த மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு. பின் சக்கரம் தரையைத் தொடுகிற இடம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் சுமார் 15 டிகிரி தள்ளி இருக்கட்டும். முன்னால் போனால் விமானம் நாய்க்குட்டி மாதிரி பின்னால் உட்கார்ந்துவிடும். ரொம்பப் பின்னால் போனால் ஓடிக்கொண்டே இருக்கும், மூக்கு எழாது. எடை மையத்தைக் கால் மடங்கியும் பாருங்கள், நீட்டியும் பாருங்கள். மூக்குக் கால் முன்னால் மடங்கினால் மையமும் அதோடு முன்னால் நகரும்.

மூக்குக் கால் முன்னால் மடங்குவது நல்ல வழக்கம். இறங்கும்போது எதிர்க்காற்றே அதைப் பின்னுக்குத் தள்ளி நேராக்கும். பின்னால் மடங்குகிற கால் காற்றை எதிர்த்துத்தான் வெளியே வர வேண்டும். பட்டறைக்குள் காற்று அடிக்காது என்பதால் மேசையில் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும், அதுதான் ஆபத்து. சோதிக்கும்போது பெட்டி எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசைக் காலில் மாட்டி, காற்று தள்ளும் திசையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது கால் கம்பி திரும்பாமல் இருப்பது. இதில் எனக்குக் கொஞ்சம் தொழில் வெறி உண்டு. வட்டக் கம்பியில் கிரப் ஸ்க்ரூவை எத்தனை இறுக்கினாலும் நாலு இறக்கத்துக்குப் பிறகு கம்பி இரண்டு டிகிரி திரும்பியிருக்கும். தரையில் ஓடும்போது தெரியாது. மடங்கும்போது சக்கரம் குழிக்குள் நேராகப் போகாமல் விளிம்பில் முட்டும். அதனால் கம்பியில் ஃபைலால் ஒரு தட்டை வெட்டி, ஸ்க்ரூ அந்தத் தட்டையில் உட்கார வேண்டும். நூல் பூட்டும் பசை ஒரு சொட்டு. அம்பத்தூரில் எந்த டூல்ரூம் பையனைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுப்பான், ஒரு டீக்கு.

மூக்குச் சக்கரம் இன்னும் மோசம், ஏனென்றால் அது திரும்புவதற்கென்றே இருப்பது. உள்ளே போகும் முன் அது நேராக நிற்க வேண்டும். 2005 செப்டம்பரில் ஜெட்புளூ கம்பெனியின் ஏர்பஸ் 320 ஒன்று, மூக்குச் சக்கரம் 90 டிகிரி குறுக்கே திரும்பிய நிலையில் லாஸ் ஏஞ்சலீசில் இறங்கியது. டயர் எரிந்து ரிம் தேய்ந்தது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய கம்பெனி விமானத்துக்கே நடந்தது.

காற்றில் ஓடும் கால் நல்லதா, மின்சாரத்தில் ஓடுவதா? காற்று வகையில் சின்ன டாங்கியில் 100 பிஎஸ்ஐ அடைத்து வைக்கிறோம். ஓ-ரிங் ஒன்று கிழிந்தால் காற்று போய்விடும். ஆனால் காற்றால் ஏறி ஸ்பிரிங்கால் இறங்குகிற ரகம் ஒன்று உண்டு. காற்று போனால் கால் தானாகக் கீழே வரும். எவ்வளவு அழகான யோசனை! மின்சார வகையில் ஒரு மோட்டார் திருகுதண்டைச் சுற்றும். சுலபம், சுத்தம், கசிவு இல்லை. ஆனால் கரண்ட் போனால் கால் எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும். எதிலாவது முட்டினாலும் மோட்டார் எரியாமல் இருக்கக் கன்ட்ரோலர் நிறுத்திவிடும். நம் பிள்ளைகள் வாங்கப் போவது மின்சார வகை. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டுகிற பேட்டரியிலிருந்து அதற்குக் கரண்ட் எடுக்காமல் தனி பேட்டரி வையுங்கள்.

இனி கதவு. மின்சாரக் கால் ஏதாவது ஒன்றில் முட்டினால் நின்றுவிடும் என்றேன். முட்டுவதற்கு மிகவும் தயாராக இருக்கிற பொருள் எது? கதவு. மூடிய கதவை மோட்டார் பிடித்துக்கொண்டிருக்கிறது, சீக்வென்சர் "முதலில் கதவு, ஒரு நொடி பொறு, பிறகு கால்" என்று கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு மேசையில் சரி. மே மாதம் ஆவடி வெயிலில், கார் டிக்கியில் இரண்டு மணி நேரம் கிடந்த மெல்லிய ஃபைபர் கதவு லேசாக முறுக்கிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி அரை மில்லிமீட்டர் ஆகும். மேலே காற்றின் வேகம் கதவை அழுத்தும். ஒரு நொடியில் திறக்க வேண்டிய கதவு ஒன்றரை நொடி எடுத்தால், கால் கதவின் முதுகில் இடித்து நின்றுவிடும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு நண்பரின் ஜெட்டுக்கு இது நடந்ததைப் பார்த்தேன். இடது கால் மட்டும் வரவில்லை. பேட்டரியோ இன்னும் இரண்டு நிமிடத்துக்குத்தான். அவர் நிதானமாக மற்ற இரண்டு காலையும் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு, புல்லில் வயிற்றால் இறக்கினார். வயிறு கீறியது, அவ்வளவுதான். ஒற்றைக்காலோடு இறக்கியிருந்தால் இறக்கை தரையில் குத்தி விமானம் சுழன்று எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. தம்பிகளே, இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஒரு கால் வரவில்லை என்றால் மூன்றும் உள்ளே.

கதவே வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்பதை மாற்றுங்கள் என்கிறேன். பின் காலுக்கு நீளவாக்கில் மூடும் சின்னக் கதவை அந்தக் காலிலேயே கிளாம்ப் போட்டுக் கட்டிவிடலாம். கால் போனால் அதுவும் போகும், கால் வந்தால் அதுவும் வரும். மோட்டார் இல்லை. சக்கரத்தை மூடும் பெரிய கதவு இரண்டையும் விட்டுவிடுங்கள், 737 மாதிரி வட்டமாகத் தெரியட்டும். மூக்குக் குழியின் இரண்டு கதவுக்கும் கீலில் மெல்லிய ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் வேலை எப்போதும் கதவைத் திறந்து வைப்பது. இரண்டு கதவுக்கும் குறுக்கே ஒரு நூலோ மெல்லிய கம்பியோ கட்டுங்கள். கால் உள்ளே போகும்போது அந்த நூலை மேலே தள்ளும், நூல் கதவை இழுத்து மூடும். கால் இறங்கத் தொடங்கினால் நூல் தளரும், ஸ்பிரிங் கதவைத் திறந்துவிடும். நூல் அறுந்தால் என்ன ஆகும்? கதவு திறந்து தொங்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும், சக்கரம் கீழே வரும். பழைய மாடல்காரர்கள் சீக்வென்சர் என்ற பேரே கேள்விப்படாத காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். சங்கத்துக்கும் செலவில்லை, அரை மீட்டர் மீன்பிடி நூல்.

செய்து முடித்த பிறகு விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஸ்டாண்டில் வைத்து ஐம்பது தடவை ஏற்றி இறக்குங்கள். தலைகீழாகப் பிடித்து இருபது தடவை. பேட்டரி பாதி தீர்ந்த பிறகு இருபது. வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து இருபது. ஒரு தடவை தயங்கினாலும், "இந்த ஒரு தடவைதானே" என்று விடாமல், ஏன் என்று பார்த்துவிட்டு ஒன்றிலிருந்து எண்ணுங்கள். முதல் முறை பறக்கும்போது காலை மடக்கவே வேண்டாம். பெரிய விமானங்களே முதல் பறப்பில் பெரும்பாலும் காலை நீட்டிக்கொண்டுதான் பறக்கின்றன.

இப்போது சீக்வென்சர் பணம். கல்லூரி விழா அன்று நம் மைதானத்திலேயே, எல்லோர் முன்னாலும் பறக்கவிட வேண்டும் என்று மனுவின் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்கள். என்னால் சம்மதிக்க முடியவில்லை. 4 கிலோ, நல்ல வேகம், ஒரு பக்கம் ஹாஸ்டல், இன்னொரு பக்கம் பெற்றோர் உட்காரும் பந்தல். கால் வராமல் போகிற நாள் விழா நாளாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, 2021 ட்ரோன் விதிகளின்படி 25 கிலோவுக்கு உட்பட்ட, படிப்புக்கும் பொழுதுபோக்குக்குமான மாடலுக்குச் சில சலுகைகள் உண்டு என்றாலும், கண் பார்வைக்குள் பறக்க வேண்டும், டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறம் என்றும் பார்க்க வேண்டும். நம் பகுதியில் விமானப்படை நிலையம், ராணுவத் தொழிற்சாலைகள், இந்தப் பக்கம் மீனம்பாக்கம். நினைத்த இடத்தில் விட முடியாது. அதனால் அந்தப் பணத்தில் ஒரு வேன் வாடகைக்கு எடுத்து, அனுமதியுள்ள ஒரு திறந்த வெளிக்கு மாணவர்களை நாலு ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வைப்போம். விழா அன்று பந்தலில் விமானத்தை ஸ்டாண்டில் வைத்து, காலை மடக்கி நீட்டிக் காட்டட்டும். கூட்டம் அதற்கே கைதட்டும், நான் உறுதி.

பிர்ச் பலகையும் கால் கம்பியில் தட்டை வெட்டுவதும் என் பொறுப்பு. அடுத்த ஞாயிறு காலை பட்டறை திறந்திருக்கும், விமானத்தைக் கொண்டு வாருங்கள். பேட்டரியைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வாருங்கள், ஐம்பதும் அங்கேயே எண்ணிவிடலாம்.